கீறல் விழுந்த டிஸ்க்: தேய்ப்பதா, நிரப்புவதா, படித்து எடுப்பதா?

சிடி ஓடாமல் சிக்கினால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பதில் சொல்லி வருகிறார்கள். வேட்டித் துணியால் துடைத்துப் போடு, பேஸ்ட் தேய், தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடு, வாழைப்பழத் தோலால் தடவு, ஃப்ரிட்ஜில் வைத்து எடு, கடையில் கொடுத்து பாலிஷ் போடு, கம்ப்யூட்டரில் போட்டு காப்பி எடு. ஒவ்வொன்றுக்கும் பலித்தது என்று சொல்ல ஆள் உண்டு, இருந்ததும் போயிற்று என்று சொல்லவும் ஆள் உண்டு. இரு தரப்பும் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கீறல் என்ற ஒரே பெயரில் பல வேறு சேதங்கள் கலந்து கிடப்பதால், ஒரே வைத்தியம் ஒரு வீட்டில் பலித்து அடுத்த வீட்டில் பொய்க்கிறது.

அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எதுவரை செல்லும், எங்கே தோற்கும் என்பதைத் தாம்பரத்தையும் தென்சென்னைப் புறநகரையும் களமாக வைத்து இக்கட்டுரை பார்க்கிறது. களத்துக்குக் காரணம் உண்டு. இங்கே டிஸ்க் வந்த விதமும், அது வெள்ளத்தில் நனைந்த விதமும், இந்தக் கேள்விக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஒரு அவசரத்தைக் கொடுக்கின்றன.

புறநகருக்கு டிஸ்க் வந்த வழி

பிலிப்ஸ், சோனி இரண்டும் சேர்ந்து வடிவமைத்த இசைக் குறுந்தகடு 1982-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பிபிசியின் 'டுமாரோஸ் வேர்ல்ட்' நிகழ்ச்சியில் ஒரு தகட்டைக் கல்லால் உரசிக் காட்டினார்கள். கீறினாலும் பாடும் என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவத் தொடங்கியது. கிராமபோன் தட்டில் ஒரு கீறல் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்ற சத்தம் கேட்கும். ஊசி ஒரே வரியில் மாட்டிக்கொள்ளும். ஊசியே இல்லாத தகடு என்பது அந்தத் தலைமுறைக்கு அற்புதமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஆனால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர் வீடுகளுக்கு டிஸ்க் பெருவாரியாக வந்தது இசை வழியாக அல்ல, சினிமா வழியாக. 1993-இல் வரையறுக்கப்பட்ட வீடியோ சிடி, அதாவது விசிடி, ஆசியாவில்தான் வேரூன்றியது. ஒரு தகட்டில் 74 நிமிடப் படம்தான் அடங்கும் என்பதால் தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள். 1931 முதல் ஓடும் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலின் ஒரு முனையில் டிஸ்க்குகள் விற்கும் பர்மா பஜார் இருந்தது வசதியாகப் போயிற்று. வாடகைக் கடைகளில் ஒரு தகடு ஒரு வாரத்தில் ஏழு வீடு சுற்றும், உறையில்லாமல் சுற்றும், டிவி மேல் கவிழ்த்து வைக்கப்படும். அத்துடன் திருட்டு விசிடி. 2004-இல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தின் வரம்பில் வீடியோ திருடர்களையும் சேர்க்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. மலிவான எழுது-தகட்டில் மார்க்கர் பேனாவால் படப்பெயர் எழுதிய அந்தச் சரக்குதான் பலருடைய முதல் 'கீறல்' அனுபவம்.

2007-இல் மோசர் பேயர் நிறுவனம் அசல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியதும் கணக்கு மாறியது. அந்த விலைக்குப் புதிதே வாங்கிவிடலாம் என்றபோது சினிமாத் தகட்டைப் பழுது பார்ப்பதில் பொருளில்லாமல் போனது. அந்த நிறுவனமும் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. இன்று பழுதுக்கு எடுத்துக்கொண்டு வரப்படுவது பெரும்பாலும் கடையில் கிடைக்காத தகடுகள்: கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், அரங்கேற்றம், காலமான பெரியவரின் எண்பதாம் கல்யாணம். புறநகரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறிய தலைமுறையின் வீடியோ ஆவணம், கேசட்டிலிருந்து டிஸ்க்குக்கு மாறிய அதே ஆண்டுகளில் எடுக்கப்பட்டது. அதற்கு வேறு பிரதி இல்லாத வீடுகள் ஏராளம். கேள்வி இன்னும் உயிரோடு இருப்பது இவற்றுக்காகத்தான்.

கீறல் உண்மையில் என்ன செய்கிறது

சிடி என்பது 120 மி.மீ. விட்டமும் 1.2 மி.மீ. கனமும் உள்ள பாலிகார்பனேட் தகடு. பளபளவென்று தெரியும் அடிப்பக்கத்தில்தான் பாட்டு இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். பாட்டு இருப்பது மேல்பக்கத்தில், பெயர் அச்சடித்த லேபிளுக்கு நேர் கீழே. அங்கே நுண்குழிகள், அவற்றின் மேல் மெல்லிய அலுமினியம், அதன் மேல் சில மைக்ரான் கனத்தில் ஒரு வார்னிஷ் பூச்சு, அதன் மேல் அச்சு. லேசர் அடியிலிருந்து புறப்பட்டு 1.2 மி.மீ. பிளாஸ்டிக்கைக் கடந்து மேலே போய்ப் படித்துத் திரும்புகிறது.

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. அடிப்பக்கக் கீறல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி. காட்சி உள்ளே பத்திரமாக இருக்கிறது. மேல்பக்கக் கீறல் காட்சியையே கிழித்துவிடுகிறது. லேபிள் பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதிய சிடியை எந்தப் பசையும் மீட்காது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசிமுனை ஓட்டைகளாக ஒளி தெரியும். அந்த இடத்தில் எழுதியிருந்தது போனது போனதுதான்.

டிவிடியின் கட்டுமானம் வேறு. 0.6 மி.மீ. தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள். ஆகவே லேபிள் பக்கக் கீறலை அது பெரும்பாலும் தாங்கும். புளூ-ரே இதற்கு நேர் எதிர்: படிக்கும் பக்கத்தில் வெறும் 0.1 மி.மீ. உறையும், அதன் மேல் கெட்டியான பூச்சும்.

அடுத்து, கீறலின் அளவு. லேசர் கற்றை தகவல் அடுக்கில் ஒன்றிரண்டு மைக்ரானாகக் குவிகிறது. ஆனால் சிடியின் அடிப்பரப்பைத் தொடும்போது அதன் அகலம் ஏறத்தாழ 0.8 மி.மீ. ஒரு தலைமுடியின் கனம் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மெல்லிய கீறல் கற்றையின் ஒரு சிறு பகுதியைத்தான் மறைக்கிறது. மீதி ஒளி வேலையை முடித்துவிடுகிறது. கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும் எத்தனையோ தகடுகள் சிக்கலில்லாமல் ஓடுவதற்கு இதுவே காரணம்.

அதையும் மீறி விழும் பிழைகளைத் திருத்தக் கணக்கு இருக்கிறது. இர்விங் ரீட், கஸ்டவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் வெளியிட்ட குறியீட்டு முறை சிடிக்குள் இறங்கியிருக்கிறது. தகவல் அடுத்தடுத்து எழுதப்படாமல் கலைத்துப் பரப்பி எழுதப்படுகிறது. கூடவே சரிபார்ப்பு எண்கள். தொடர்ச்சியாகச் சுமார் 4,000 பிட்டுகள், அதாவது தடத்தின் மேல் ஏறத்தாழ 2.5 மி.மீ. நீளம், அழிந்தாலும் அது முழுமையாக மீண்டுவிடும். அதற்கு மேல் போனால் இசைத்தகட்டில் பிளேயர் முன்பின் ஒலியைப் பார்த்து இடையை ஊகித்து நிரப்பும்.

விசிடிக்கு இந்தக் கடைசி வசதி கிடையாது. படத்தை ஊகிக்க முடியாது. சாதாரண கம்ப்யூட்டர் சிடியில் 2,352 பைட் கொண்ட ஒவ்வொரு பிரிவிலும் 2,048 பைட்தான் தகவல்; மீதியில் பெரும்பகுதி கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. விசிடியிலோ படத்துக்கு இடம் வேண்டும் என்பதற்காக அந்தக் கூடுதல் காப்பை எடுத்துவிட்டு 2,324 பைட்டைப் படத்துக்கே கொடுத்தார்கள். பாட்டு சிடி கீறலோடு பாடிக்கொண்டிருக்க, விசிடி மட்டும் கட்டம் கட்டமாக உடைந்து நின்றதன் ரகசியம் இதுதான். தமிழ்நாட்டு வீடுகள் சிடி என்றாலே சிக்கும் என்று முடிவுகட்டியது பெருமளவு விசிடியை வைத்துத்தான் என்று தோன்றுகிறது.

திசையும் முக்கியம். நடு ஓட்டையிலிருந்து விளிம்புக்குச் செல்லும் கீறல் ஒவ்வொரு சுற்றையும் ஒரு முறை குறுக்கே வெட்டுகிறது. ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தாலும் கணக்கு அதைச் சமாளிக்கும். வட்டத்தோடு ஓடும் கீறல் அதே தடத்தில் சென்டிமீட்டர் கணக்கில் அழிக்கிறது. கூடவே லேசர் தடத்தையே தவறவிட்டு வேறு இடத்துக்குக் குதிக்கிறது. தகட்டை வட்டமாகத் துடைக்கும் நம் பழக்கம் எவ்வளவு கெடுதல் செய்திருக்கிறது என்பது இங்கே விளங்கும். பாத்திரம் துலக்கும் கை அப்படித்தான் போகும்.

தேய்ப்போர்: பற்பசையும் பிராசோவும்

வீட்டு வைத்தியங்களில் மூத்ததும் பெயர் பெற்றதும் பற்பசைதான். இதன் தர்க்கம் நேரானது. பள்ளத்தை மேலே கொண்டுவர முடியாது. சுற்றியுள்ள மேட்டைக் குறைக்கலாம், அல்லது பள்ளத்தின் கூரான விளிம்பை மழுக்கலாம். வெள்ளைப் பற்பசையில் கால்சியம் கார்பனேட், சிலிக்கா போன்ற நுண்துகள்கள் உள்ளன. அவை பாலிகார்பனேட்டை மெல்லச் சுரண்டும்.

செய்முறையை அருகிலிருந்து பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் தெரியும். தகட்டை முதலில் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். மணல் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் அடுத்து வரும் தேய்ப்பில் அதுவே உளியாகிவிடும். மேஜையில் மடித்த பருத்தித் துணியை விரித்து அதன் மேல் லேபிள் கீழே இருக்கும்படி வைக்கிறோம். அந்தத் துணியிலும் தூசி இருக்கக் கூடாது, ஏனென்றால் இப்போது அழுத்தம் தாங்குவது லேபிள் பக்கம். பயறளவு பசை, நனைந்த பழைய பனியன் துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் இழுப்பு. இரண்டு மூன்று நிமிடத்தில் கீறல் இருந்த இடம் மங்கலாகும். அந்த மங்கல்தான் தீர்மானமான கட்டம். ஒரு பெரிய கீறலுக்குப் பதிலாக ஆயிரம் நுண்கீறல்களை உண்டாக்கியிருக்கிறோம். அவை கற்றையைத் தடுப்பதில்லை, சிதறடிக்கின்றன. போதுமான அளவு நுணுக்கமாக இருந்தால் லேசர் கண்டுகொள்ளாது. முரடாக இருந்தால் முன்பு ஓடிய பகுதியும் இப்போது ஓடாது. முடிவு பசையின் துகளையும் கையின் பொறுமையையும் பொறுத்தது, இரண்டுமே வீட்டுக்கு வீடு மாறும். 'பலித்தது', 'போயிற்று' என்ற இரு சாட்சியங்களும் பிறக்கும் இடம் இது.

பற்பொடி, சபீனா, பாத்திரச் சோப்பு ஆகியவற்றை இதே வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றின் துகள் முரடு. பித்தளைக்கு ஏற்றது பாலிகார்பனேட்டுக்கு ஏற்காது.

பிராசோவுக்குத் தாம்பரத்தில் ஒரு தனி மரபு இருக்கக் காரணம் உண்டு. விமானப்படை நிலையம் உள்ள ஊர். கிறித்தவக் கல்லூரி முதல் பள்ளிகள் வரை என்.சி.சி. மாணவர்கள் நிறைந்த ஊர். பெல்ட் பித்தளையை மினுக்கும் திரவம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் துகள் பற்பசையைவிட நுணுக்கமானது என்பதால் பளபளப்பு நன்றாகவே வரும். ஆனால் அதன் நெடிக்குக் காரணமான அம்மோனியா பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. நாளடைவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களை உண்டாக்கக்கூடும். உடனே போட்டுப் பார்த்து நகல் எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஏற்கலாம். தேய்த்து பீரோவில் திரும்ப வைப்பதாக இருந்தால் தவிர்ப்பது நல்லது. நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் விவாதத்துக்கே வரக்கூடாதவை. அசிட்டோன் பட்ட மறுகணம் தகடு வெளுத்துவிடும்.

நிரப்புவோர்: எண்ணெயும் மெழுகும்

இரண்டாவது தரப்பு சுரண்டுவதில்லை, பள்ளத்தை அடைக்கிறது. தேங்காய் எண்ணெய், வாசலின், கார் பாலிஷ், மெழுகு. கைவைத்தியமாகத் தோன்றினாலும் இதன் இயற்பியல் மிகத் தெளிவானது. கீறலில் ஒளி வளைந்து சிதறுவதற்குக் காரணம் பிளாஸ்டிக்குக்கும் அதில் தங்கிய காற்றுக்கும் உள்ள வேறுபாடு. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.58, காற்றுக்கு 1. பள்ளத்தில் காற்றுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் நின்றால் எண் 1.45 ஆகிறது. வேறுபாடு 0.58-லிருந்து 0.13-க்கு இறங்கிவிடும். ஒளி ஏறக்குறைய நேராகப் போகும்.

இந்தத் தரப்புக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை என்பது என் கருத்து. தேய்ப்பதைத் திரும்பப் பெற முடியாது; எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம். எதைச் செய்தால் பின்வாங்க வழி இருக்கிறதோ அதை முதலில் செய்து பார்ப்பதே நியாயமான வரிசை. நம் வீடுகளில் எடுத்தவுடன் பேஸ்டுக்குத்தான் கை போகிறது.

பலவீனமும் சொல்லப்பட வேண்டும். சாதாரண பிளேயரில் சிடி நிமிடத்துக்கு 200 முதல் 500 சுற்று சுற்றுகிறது. கம்ப்யூட்டர் டிரைவில் அது 10,000 வரை போகலாம். அதிகமாகத் தடவிய எண்ணெய் அங்கே தெறித்து லென்ஸில் படியும். ஒரு தகட்டைக் காப்பாற்றப் போய் டிரைவை இழப்போம். மெழுகோ கெட்டியான பாலிஷோ துடைத்தெடுத்த பின் பள்ளத்தில் மட்டும் தங்கும் என்பதால் எண்ணெயைவிடப் பாதுகாப்பு. எதுவானாலும் தற்காலிகம்தான்.

பழமும் பனியும்

வாழைப்பழத் தோல் ஓரளவு இரு தரப்பிலும் சேர்த்தி: கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் மெல்லிய தேய்ப்பு. தீங்கு குறைவு, பயனும் குறைவு. ஃப்ரிட்ஜுக்கும் வெந்நீருக்கும் அந்த ஆதாரமும் இல்லை. பாலிகார்பனேட் இளகத் தொடங்குவது 147 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஃப்ரீசரின் குளிரும் கொதிநீரின் 100 டிகிரியும் ஒரு கீறலின் விளிம்பைக்கூட நகர்த்தாது. வெளியே எடுத்ததும் தகட்டில் வியர்க்கும் நீரைத் துடைக்கும்போது கூடவே அழுக்கும் போய்விடுகிறது. வைத்தியம் பலித்ததாகத் தோன்றுவது அதனால் இருக்கலாம்.

இயந்திரமும் அதன் எல்லையும்

கையால் கிராங்க் சுற்றும் 'ஸ்கிப் டாக்டர்' போன்ற சிறு கருவிகளும், தண்ணீர் பாய்ச்சி மேற்பரப்பைச் சீவும் பெரிய கடை இயந்திரங்களும் பற்பசையின் தர்க்கத்தையே சீராகச் செய்கின்றன. கை போலன்றி ஒரே அழுத்தம், ஒரே திசை. சிடியின் கனத்துக்கான வரையறையிலேயே 0.1 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற சலுகை இருப்பதால், சில பத்து மைக்ரான் சீவினாலும் லேசர் குவியம் கெடுவதில்லை. டிவிடியில் அந்தச் சலுகை குறைவு. புளூ-ரேயில் அறவே இல்லை. அதன் மேல்பூச்சு போனால் அடுத்த விரல் ரேகையே போதும் படம் நிற்க. பிளேஸ்டேஷன் 3, 4 விளையாட்டுத் தகடுகள் புளூ-ரேதான் என்பதை அறியாமல் பழைய வழக்கப்படி பேஸ்ட் தேய்த்துக் கெடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

குற்றவாளி பிளேயர்தான் என்போர்

மெக்கானிக்குகளிடமிருந்து வரும் இந்தப் பதிலுக்கு வீடுகளில் காது கொடுப்பது குறைவு. ஒரு தகடு ஓடவில்லை என்றால் தகடு கெட்டது. எல்லாத் தகடும் சிக்கினால் 'பிக்கப்' போய்விட்டது என்பது அவர்களுடைய முதல் சோதனை. லேசர் பிக்கப் வயதாக ஆக ஒளி குன்றும். ஜி.எஸ்.டி. சாலையோரத் தூசியும் அடுப்படிப் புகையும் லென்ஸில் திரையாகப் படியும். புதிய பிளேயர் தாராளமாக மன்னிக்கும் கீறலைக் கிழட்டுப் பிளேயர் மன்னிப்பதில்லை. அந்த வகையில், வேறு இரண்டு கருவிகளில் போட்டுப் பார்க்கும் முன் தகட்டில் கை வைப்பது அவசரம். எந்த வைத்தியத்தின் வெற்றிக் கதையிலும் இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது பயனுள்ளது.

படித்து எடுப்போர்

கம்ப்யூட்டர் பரவியதோடு வந்த தரப்பு இது. கேள்வியையே மாற்றிப் போட்டது. தகடு மறுபடி ஓட வேண்டுமா, அல்லது அதில் உள்ளது ஒரே ஒரு முறை வெளியே வந்தால் போதுமா? இரண்டாவதுதான் வேண்டும் என்றால் உத்தி மாறுகிறது. டிவி பிளேயர் படத்தை நேரத்துக்குக் காட்டியாக வேண்டும். சிக்கினால் திரும்பப் படிக்க அதற்கு அவகாசமில்லை. கம்ப்யூட்டருக்கு அவசரமில்லை. ஒரே இடத்தை நூறு முறை, வேகத்தைக் குறைத்து, இரவு முழுக்கப் படிக்கலாம்.

இசைக்கு 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', 'சிடிபாரனோயா' போன்ற மென்பொருள்கள். மற்றத் தகடுகளுக்கு 'ஐசோபஸ்டர்', குனு 'டிடிரெஸ்க்யூ'. கடைசியாகச் சொன்னது முதலில் எளிதாக வருவதை எல்லாம் எடுத்துவிட்டு, வராத இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு திரும்ப வருகிறது. அதே குறிப்பேட்டோடு தகட்டை இன்னொரு டிரைவில் போட்டால் விட்டுப்போன இடங்களை மட்டும் தேடும். ஒரு டிரைவ் படிக்காததை வேறு கம்பெனி டிரைவ் படிப்பது சாதாரணம். கல்யாண வீடியோவின் பிரதி பெண் வீட்டில் ஒன்று, பிள்ளை வீட்டில் ஒன்று என்று இருந்தால், இரண்டிலும் கீறல் ஒரே இடத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டும் உள்ளது உள்ளபடி ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்தவையாக இருந்தால், இரண்டையும் சேர்த்து ஒரு முழு வீடியோவைத் தேற்ற முடியும். சம்பந்தி வீட்டாரிடம் கேட்கலாமே என்ற யோசனை எந்தப் பசையையும்விட வலுவானது.

இத்தரப்பின் குறைகள் வேறு வகை. மடிக்கணினிகளில் டிரைவே இல்லை; தனியாக யுஎஸ்பி டிரைவ் வாங்க வேண்டும். பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் இதைச் செய்ய ஆள் இல்லை. நடு ஓட்டையில் விரிசல் விட்ட தகட்டை வேகமான டிரைவில் போட்டால் அது உள்ளேயே சிதறும். அதைப் பழக்கமில்லாதவர் தொடக்கூடாது.

சேறு: 2015-இன் பாடம்

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் சி.டி.ஓ. காலனிப் பகுதிகளில் தரைத்தளம் மூழ்கியது. பீரோவின் அடித்தட்டில், பட்டுப்புடவைக்குக் கீழே, ஆல்பத்தோடு சேர்த்து வைத்திருந்த டிஸ்க்குகளும் மூழ்கின.

வெள்ளத் தகட்டுக்கும் கீறல் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. சேற்றுநீரில் நனைந்தது மட்டுமே ஒரு சிடியை உடனே அழிப்பதில்லை. நுண்மணலோடு காய விட்டு, பிறகு துணியால் அழுத்தித் துடைப்பதுதான் அழிக்கிறது. அதுதான் தேய்காகிதம் போடுவது. ஈரம் காயும் முன் சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, ஓடும் நீரில் காட்டி, நிழலில் நிறுத்தி உலர்த்தியிருந்தால் பல தகடுகள் தேறியிருக்கும். அந்த வாரத்தில் குடிக்கவே நல்ல தண்ணீர் கிடைக்கவில்லை என்பதால் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அடுத்த வெள்ளத்துக்கு முன் இது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்துக்காக ஃப்ரெட் பையர்ஸ் 2003-இல் எழுதிய பராமரிப்புக் கையேடும் இதே திசையில்தான் பேசுகிறது: நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை, நிறுத்தி வை, தேவையானால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். அதே கையேடு நீண்டகாலப் பாதுகாப்புக்கு 4 முதல் 20 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் கேட்கிறது. சென்னையில் ஏ.சி. இல்லாத எந்த அறையும் இந்த எல்லைக்குள் வருவது அபூர்வம். 2001-இல் மத்திய அமெரிக்க நாடான பெலீஸிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு தகட்டில், பூஞ்சை விளிம்பு வழியே உள்ளே புகுந்து பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் தின்றிருந்ததை ஸ்பெயின் ஆய்வாளர்கள் கண்டார்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த தட்பவெப்பம் அது. நம்முடையதும் அதுவே.

தீராதவை

இதுவரை பார்த்ததில் சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. கீறல் எந்தப் பக்கம் என்பது முதல் கேள்வி. கழுவுதல், வேறு பிளேயர், மென்பொருளால் படித்தல், மெழுகு நிரப்புதல், கடைசியில் தேய்த்தல் என்ற வரிசை இழப்பைக் குறைக்கும். பற்பசைக்கு இடம் உண்டு, ஆனால் வரிசையின் கடைசியில், அடிப்பக்கத்தில், சிடி அல்லது டிவிடிக்கு மட்டும். எந்தப் பசை, எந்தக் கீறலில், எத்தனை தகட்டில் பலிக்கிறது என்று பிராண்ட் வாரியாக ஒப்பிட்டுச் சொல்லும் துணிவுக்கு ஆதாரம் போதாது.

இதைவிடக் கனமான சந்தேகம் ஒன்று இருக்கிறது. கல்யாண வீடியோக்கள் பெரும்பாலும் அச்சுத்தகடுகள் அல்ல, எழுது-தகடுகள். அவற்றில் தகவல் இருப்பது கரிமச் சாயத்தில். வெயிலும் வெப்பமும் சாயத்தை மெல்ல வெளுக்கச் செய்கின்றன. வெளியே ஒரு கீறல்கூட இல்லாத தகடு உள்ளுக்குள் படிக்க முடியாததாக மாறலாம். அதற்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. இருபது ஆண்டுகள் தாம்பரத்து மொட்டை மாடி வீட்டின் கோடையைத் தாங்கிய மலிவுத் தகடுகளில் எத்தனை பங்கு இன்னும் படிக்கத் தக்கவை என்பது திறந்த கேள்வி. பற்பசை விவாதத்தில் நாம் செலவிட்ட கவனத்தில் ஒரு பங்காவது இதற்குப் போயிருக்க வேண்டும்.

சட்டத்திலும் தெளிவின்மை உண்டு. சொந்தக் கல்யாண டிவிடியை நகலெடுக்க யாருக்கும் தடையில்லை. பூட்டுப் போட்ட அசல் சினிமா டிவிடியைச் சொந்தப் பாதுகாப்புக்காக நகலெடுப்பது எங்கே நிற்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தனிப்பட்ட உபயோகத்துக்கு இடம் தருகிறது. 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இடைப்பட்ட வீட்டு நகலின் நிலை வாதத்துக்கு இடமாகவே இருக்கிறது.

மூலப் பிரதி பற்றியும் யாரும் முறையாகத் தேடவில்லை. டிஸ்க் என்பது ஸ்டுடியோக்காரர் கொடுத்த கடைசி வடிவம் மட்டுமே. அதற்கு முன் கேமரா டேப் ஒன்றும் எடிட்டிங் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலும் இருந்தன. மறுபடி பயன்படுத்துவதற்காக டேப்பை அழித்தவர்கள் எத்தனை பேர், அட்டைப்பெட்டியில் கட்டி வைத்தவர்கள் எத்தனை பேர் என்பதை அந்தந்த ஊர் ஸ்டுடியோவில் கேட்டால்தான் தெரியும். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் அந்தத் தலைமுறை ஸ்டுடியோக்காரர்களில் பலர் இப்போது கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் வயதில் இருக்கிறார்கள். கடை மாறும்போது அட்டைப்பெட்டிகள்தான் முதலில் வெளியே போகும்.